பக்கத்து வீட்டுக்கும் ஒரு மாத்திரை

போருக்குத் தப்பி மியன்மாரிலிருந்து வந்தவர்களுக்காக மலேசியாவின் கிள்ளானில் நடக்கும் இலவச மருத்துவ முகாமில் இன்று இருந்தேன். மாத்திரை சாப்பிடும் முறையை விளக்குவதுதான் பணி ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த வகுப்பு.

அங்கே வந்த ஹாமிதாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. ஒரு மாத மாத்திரையோ பாதியிலேயே தீர்ந்திருந்தது.

"டீச்சர், ரெண்டு ரெண்டா முழுங்குறாங்களான்னு கேளுங்க. இப்படியே போனா ஸ்ட்ரோக் வந்துடும் லா," என்றார் டாக்டர் கவிதா.

கேட்டேன். ஹாமிதா கூச்சத்துடன் மலாயில் சொன்னார். பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தலைவலி. மாடிவீட்டு அக்காவுக்குத் தலைசுற்றல். அவர்களை வைத்துக்கொண்டு தான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது? அதனால் பங்கு.

பழக்கதோஷத்தில் ஓர் உதாரணம் சொன்னேன்: "மாத்திரையும் செருப்பு மாதிரிதான். உங்க அளவு உங்களுக்கு மட்டும்தான் சரியா இருக்கும்."

"எங்க வீட்டுல எல்லாரும் ஒரே செருப்பைத்தான் மாத்தி மாத்திப் போடுறோம், டீச்சர்!"

டாக்டர் சிரித்துவிட்டார். "சரி, அந்த ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

மதியத்துக்குள் வந்துவிட்டார்கள். சோதித்ததில் இருவருக்குமே ரத்த அழுத்தம்! ஆளுக்கொரு பொட்டலம் கிடைத்தது.

கிளம்பும்போது ஹாமிதா கேட்டார்: "மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடலாம்தானே?"

தாராளமாக, என்றேன்.

கோயில் பந்தியில் பக்கத்து இலைக்கு மூட்டுவலி மாத்திரை நீட்டும் என் தோழிகளே, செருப்பைவிட நல்ல உதாரணம் இருந்தால் கீழே எழுதுங்கள். முதலில் உங்களிடம்தான் சொல்லிப் பார்க்க வேண்டும்.