ஆர்லீன் எரிக்காத விறகு

ஆர்லீன் திபோ எங்கள் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் என்னோடு வேலை பார்க்கிறவள். எனக்கு எதிர்வீடு. கோபம் வந்தால் கத்தமாட்டாள், அதுதான் ஆபத்து. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் எங்கள் ஏரிக்கரை முழுக்க இது தெரியும், அவளுடைய பக்கத்து வீட்டு மெர்ல் கூம்ஸ் ஒருவரைத் தவிர.

மெர்லுடைய ஆஷ் மரம் வண்டரித்து, நின்ற நிலையிலேயே செத்துப்போயிருந்தது. சாய்ந்தால் ஆர்லீனின் கோழிக்கூண்டு மேல்தான் சாயும். வெட்டிவிடுங்கள் என்று வருடக்கணக்கில் கேட்டுப் பார்த்தாள். அந்த மனுஷன் தலையைச் சொறிந்ததோடு சரி. அக்டோபர் புயலில் மரம் விழுந்தது. ஒரு கோழிகூட மிஞ்சவில்லை. கணவன் போன பிறகு அவள் காலையில் வாயைத் திறந்து பேசியது அந்தக் கோழிகளிடம்தான்.

மெர்ல் காபிக் கோப்பையோடு வந்து எல்லையோரம் நின்றார். "சட்டம் தெரியுமில்ல ஆர்லீன்? விழுந்த மரம் யார் முற்றத்துல கிடக்குதோ அவங்க பாடு. போனாப் போகுது, நானே அறுத்து விறகை எடுத்துக்கறேன்."

"என் முற்றத்துல கிடந்தா விறகும் என்னுதுதானே? ஒரு சுள்ளி கிடையாது உங்களுக்கு."

மரம் அறுக்கும் மெஷினை அவள் அதுவரை தொட்டதில்லை. கணவனுடையதைத் தூசி தட்டி எடுத்தாள். நான் தள்ளி நின்று பார்த்தேன். இரண்டு பக்கமும் தாங்கலில் கிடக்கிற மரத்தை மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் நடு தொய்ந்து வெட்டு மூடிக்கொள்ளும். இது அவளுக்குத் தெரியவில்லை. பாதி இறங்கியதும் மரம் மெஷினைக் கவ்விக்கொண்டது.

"என்னம்மா, மரம் கடிச்சிருச்சா?" மெர்ல் சிரித்தார். "பாதி விறகு எனக்குன்னு சொல்லு, உருவித் தர்றேன்."

ஆப்பு அடித்து, இருட்டும்வரை மல்லுக்கட்டி, தானே உருவினாள். மறுநாளிலிருந்து மேலே கொஞ்சம், மிச்சத்தைக் கீழிருந்து என்று அறுக்கப் பழகிவிட்டாள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். பள்ளியில் உருளைக்கிழங்கு மசிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

பிளந்து முடித்த விறகை அவள் கொட்டகைக்குக் கொண்டுபோகவில்லை. எல்லையோரம், தன் பக்கத்திலேயே, மெர்லுடைய சமையலறை ஜன்னலுக்கு நேராக அடுக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்த ஜன்னலில் ஏரி தெரியும். ஏரியைப் பார்க்காமல் மெர்லுக்குச் சாப்பாடு இறங்காது. விறகு ஆளுயரம் தாண்டியதும் ஏரி காணாமல் போனது. வேலி இவ்வளவு உயரம்தான் இருக்கலாம் என்று எங்கள் ஊரில் விதி உண்டு, விறகுக்குக் கிடையாது. எனக்கு மனசு குளிர்ந்தது, மறைப்பானேன்.

"எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?" என்றார் மெர்ல்.

"காயணுமே. ரெண்டு வருஷமாவது ஆகும்."

நின்றபடி செத்த ஆஷ், வெட்டின அன்றைக்கே எரியும். அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆனால் இந்த மரத்தை நம்பி அவள் அந்த வருடம் விறகு வாங்கியிருக்கவில்லை. ஜனவரியில் குளிர் எலும்பைத் தொட்டது. ஒரே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துக்கொண்டு கோட்டோடு தூங்கினாள். இருமல் பிடித்துக்கொண்டது.

"மேல் வரிசையை மட்டுமாவது எடுத்து எரிடி. செத்துத் தொலையப் போற" என்றேன்.

"ஒரு கட்டை எடுத்தா அந்த அளவுக்கு ஏரி தெரிஞ்சிடும் அந்தாளுக்கு. விறைச்சாலும் பரவாயில்ல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது மெர்ல் வந்தார். பனியில் இழுக்கும் சறுக்குவண்டி நிறைய அவருடைய சொந்த விறகு. மூக்கு சிவந்து, மூச்சு வாங்கியது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"உன் புகைபோக்கியில புகையே காணோம். அந்த அடுக்கைத் தொட வேணாம், அது நிக்கட்டும். இதை எரி. கோழிங்க விஷயத்துல தப்பு என்னுதுதான் ஆர்லீன்."

எனக்கே பாவமாகப் போய்விட்டது.

"ரொம்ப நன்றி மெர்ல்" என்றாள் ஆர்லீன். கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். வண்டியை எல்லையோரம் இழுத்துப்போய், இருமிக்கொண்டே, அவர் கொண்டுவந்த விறகையும் ஒவ்வொன்றாக அந்த அடுக்கின் மேலேயே வைத்தாள்.