ஆர்லிஸ் வீட்டு எழுபது டிகிரி

எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வீம்பு உண்டு. நவம்பர் பிறக்கும் முன் வீட்டு ஹீட்டரைப் போடக் கூடாது. அக்டோபர் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கீழறையில் காபி குடிக்கும்போது பார்க்க வேண்டும். மூக்கு சிவந்து விரல் விறைத்துப்போன ஒருவன் "எங்க வீட்ல இன்னும் போடல" என்பான். "எங்க வீட்லயும்தான்" என்பான் அடுத்தவன். பெண்டாட்டிகள் இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வாய் திறக்காமல் நிற்பார்கள். இந்தக் கூத்தில் வருஷா வருஷம் ஜெயித்தவன் டெல்மர் ட்வெய்ட். அவன் மனைவி ஆர்லிஸைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவள் சர்க்கரை பீட்ரூட் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா வீட்டு நடையில், ஹீட்டரின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று சுவரில் வட்டமாக இருந்தது. அப்பாவைத் தவிர யார் கை அதில் பட்டாலும் அந்தக் கைக்கு அடி விழும். கல்யாணமாகி டெல்மர் வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே வட்டம், அதே சட்டம். எங்கள் ஊர்க் கணக்கில் முப்பத்திரண்டு டிகிரியில் தண்ணீர் உறையும், எழுபதில் மனிதன் வெறும் சட்டையோடு உட்காரலாம். டெல்மர் அறுபதில் வைத்துவிட்டு, குளிர்கிறது என்று அவள் சொன்னால் போர்வை இருக்கும் அலமாரியைக் கை காட்டுவான். மினசோட்டாப் பனியில் பள்ளிக்கூட பஸ்ஸைச் சறுக்காமல் ஓட்டி, பஸ் நிறையப் பிள்ளைகளை வீடு சேர்க்கிறவளுக்கு, சொந்தச் சுவரில் ஒரு திருகைத் திருக உரிமை கிடையாது. சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் அதே ஷெட்டில் பஸ் ஓட்டுகிறவள்தான், அவளுக்கு எதிர் வீடு. என் பெயர் பெர்னிஸ்.

பிறகு டெல்மருக்கு நரம்பு நோய் வந்தது. தானியக் கிடங்கில் ஏணி ஏறிக்கொண்டிருந்தவன் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். அந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. வீடு சூடானால் அவன் கை கால் துவண்டு விழும், குளிர்ந்தால் கட்டையாக விறைத்துக்கொள்ளும். கோடையோ குளிர்காலமோ எழுபதை விட்டு அதிகம் நகரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தோடு டெல்மரின் வீம்பும் முடிந்தது.

ஆர்லிஸ் வேலையை விட முடியாது. பள்ளிக்கூடம் தரும் இன்சூரன்ஸில்தான் அவன் மருந்தே வருகிறது. காலையில் பஸ், மத்தியானம் பள்ளிச் சமையலறை, சாயங்காலம் மறுபடி பஸ் என்று அவளுக்குப் பகல் முழுக்க வெளியே போய்விடும். அவன் தனியாக இருப்பான், அவனுக்குச் சுவர் எட்டாது. டெல்மரின் அக்கா வெர்னா, அவனை ஊர்க்கோடிப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லி வந்தாள். கெட்டவள் கிடையாது, தம்பி மேல் உயிர். ஆர்லிஸ் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"அவன் இந்த வீட்லதான் இருப்பான். வீட்டுக்கு என்ன சொல்லணுமோ அதை நான் சொல்லிக்கறேன்."

சொல்வதற்கு ஏற்ற மாதிரி ஒரு புதுப் பெட்டியும் வந்தது. பழைய ஹீட்டரைக் கழற்றிவிட்டு, சூடும் குளிர்ச்சியும் இரண்டும் தருகிற ஒன்றைப் போட்டார்கள். நடையில் வட்டம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தெர்மோஸ்டாட், நம்பர் காட்டுகிற கண்ணாடி, நாலைந்து பொத்தான். மாட்டிய ஆள் கையில் ஒரு சின்னப் புத்தகத்தைத் திணித்துவிட்டு ஓடிவிட்டான். முதல் நாள் அதன் முன்னால் போய் நின்றபோது ஆர்லிஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா அடித்த பயம் ஐம்பத்தைந்து வயதிலும் போகவில்லை பாருங்கள்.

ஆனால் உட்கார்ந்து படித்தாள். தப்பாக அழுத்தினாள், அழித்தாள், மறுபடி அழுத்தினாள். அதைச் செய்து அனுப்பியவர்கள் ஒரு நாளை நாலாக வெட்டி வைத்திருந்தார்கள்: எழும் நேரம், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், தூங்கும் நேரம். கிளம்பும் நேரம் வந்ததும் வீட்டில் யாரும் இல்லை என்று அதுவாக முடிவு செய்து சூட்டைக் குறைத்துவிடும். பகல் முழுக்க ஒருத்தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஆர்லிஸ் நாலு நேரத்துக்கும் எழுபதையே கொடுத்தாள். ஏப்ரல் வெயிலில் வீடு காய்ந்தால் தானாகக் குளிர்ச்சிக்கு மாறும்படியும் வைத்தாள். கரண்ட் போய் வந்தாலும் போட்டது அழியாமல் இருக்கிறதா என்று மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் அப்படியே இருந்தது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, லைசென்ஸ் வாங்கிய பெண் மாதிரி இருந்தாள்.

அந்த ஜனவரியில் ரத்தம் உறைகிற குளிர். டெல்மரின் கால் நாளுக்கு நாள் மோசமானது, கரண்டி பிடிக்கிற கையும் நடுங்க ஆரம்பித்தது. நோய் முற்றுகிறது என்று எல்லோரும் நினைத்தோம். ஒரு வெள்ளிக்கிழமை காலை வெர்னா தம்பிக்குப் பிடித்த பூசணி கேக் செய்து எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்தால் உள்ளே மூச்சு புகையாகத் தெரிகிறது. டெல்மர் உதடு நீலம் பாரித்து, மடியில் போர்வையோடு உட்கார்ந்திருக்கிறான். ஜன்னலில் செடிக்காக வைத்திருந்த பழைய பாதரச மானி ஐம்பதுக்குக் கீழே நிற்கிறது. சுவர்ப் பெட்டியோ எழுபத்தொன்று என்கிறது. என்னடா இது என்று கேட்டதற்கு, அவ்வளவு மோசமில்லை என்றானாம்.

சாயங்காலம் ஆர்லிஸ் வந்தபோது வீடு வழக்கம்போல வெதுவெதுப்பாக இருந்தது. வெர்னா கோட்டோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"நீ வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும். ஆனா உனக்கு அந்தப் பெட்டி பிடிபடல, ஆர்லிஸ். இல்லத்துல ரூம் காலியா இருக்கு, செவ்வாய்க்கிழமை சேத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. நான் அவனைச் சாகக் கொடுக்க மாட்டேன்."

ஆர்லிஸ் போனை எடுத்தாள். ஹீட்டர்காரனை வரச் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, மிஷினில் குறையே இல்லை, எதையோ மாற்றி அழுத்தியிருப்பீர்கள் என்று சொல்லிப் போனான். மறுநாள் சனிக்கிழமை, அவள் வீட்டில் இருந்தாள். காலையிலிருந்து எழுபது, பாதரச மானியிலும் எழுபது. அவளே வந்து என்னிடம் சொன்னாள், நான் இருந்தால் ஒழுங்காக இருக்கிறது, போனால் கெட்டுப்போகிறது, அப்படியானால் நான் போக வேண்டும் என்று. எனக்கு முதலில் புரியவில்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைய நான் திங்கக்கிழமையா ஆக்கப்போறேன். நீ வந்து டெல்மரோட உக்காரு. அவன் என்ன சொன்னாலும் எதையும் தொடாதே, கதவையும் திறக்காதே."

ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகாமல், வேலைக்குப் போகும் நாளில் என்னென்ன செய்வாளோ ஒன்று விடாமல் செய்தாள். பஸ் யூனிஃபார்ம் போட்டாள். அவனை ஜன்னலோரம் தள்ளி வைத்தாள். மின்சாரப் பானையில் கோழி, காட்டரிசி, பால் ஊற்றிச் சூப்புக்கு வைத்து, அவன் நாற்காலியிலிருந்தே அள்ளிக் குடிக்கும்படி நடையில் இருந்த குட்டை மேஜையில் வைத்தாள். அவனை முத்தமிட்டாள். பிறகு தெருவைத் தாண்டி என் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் கோட்டு, தொப்பி, கையுறையோடு டெல்மருக்குக் காவல்.

கொஞ்ச நேரம் கீழறையில் ஹீட்டர் உறுமியது. அப்புறம் நின்றது, நின்றதுதான். என் கால் விரல் மரத்தது. டெல்மர் பேஸ்பால் பற்றிப் பேசிக்கொண்டே நடுங்கினான். குளிர்கிறதா என்று கேட்டேன், இதைவிட மோசமாகப் பார்த்திருக்கிறேன் என்றான். சுவரில் எழுபத்திரண்டு. எனக்குச் சூப்பு வாசனையில் பசி வேறு. அந்த மனிதனைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

ஆர்லிஸ் வந்தாள். வந்தவள் பொத்தான் எதையும் அழுத்தவில்லை, கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைப் பெட்டி மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே கீழே பார்த்தாள். பானை மூடியின் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பி, சுவரைத் தடவிக்கொண்டு, நேராகப் பெட்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டிக்குச் சூப்பின் சூடுதான் தெரிந்தது, அதனால் ஹீட்டரை எழுப்பவே இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவன் பானையை அணைத்த பிறகுதான் ஹீட்டர் விழித்துக்கொண்டு, இவள் வருவதற்குள் வீட்டைச் சூடாக்கி வைத்துவிடும். தினமும் இதுதான் நடந்திருக்கிறது. அவனுக்குச் சூடாக ஏதாவது இருக்கட்டும் என்று இவள் வைத்த சூப்பே அவனைக் குளிரில் போட்டிருக்கிறது.

அவள் பானையை எடுத்துக்கொண்டு போய் அறையின் அந்தப் பக்கம் வைத்தாள். கீழறையில் உறுமல் கேட்டது. அதன் பிறகுதான் அவன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து அழுதாள், திட்டினாள்.

"ஒரு மாசமாடா? ஒரு வார்த்த சொன்னியா? வாயைத் தச்சா வெச்சிருந்தாங்க?"

டெல்மர் போர்வையைப் பார்த்தபடியே சொன்னான்.

"அந்தப் பெட்டிய நீ எவ்ளோ பாடுபட்டுக் கத்துக்கிட்ட. அது சரியில்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அதோட, வாழ்நாள் பூரா உன்னைக் குளிர்ல வெச்சவன் நான்."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, சூப்பு எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். ஆர்லிஸ் மூக்கைத் துடைத்துவிட்டு, இனி குளிர்ந்தாலும் வெந்தாலும் உடனே போன் பண்ண வேண்டும், இல்லையென்றால் நானே உன்னை இல்லத்துக்குத் தள்ளிக்கொண்டு போவேன் என்றாள். அவன் தலையாட்டினான். அவன் தலையாட்டலை நான் நம்பவில்லை.

வெர்னாவும் லேசில் நம்பவில்லை. திங்கட்கிழமை காலை முதல் தானே உட்கார்ந்து பார்ப்பதாகவும், குளிர்ந்தால் செவ்வாய்க்கிழமை இல்லத்துக்குத்தான் என்றும் சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஆர்லிஸ் பள்ளி வாசலில் பஸ்ஸை நிறுத்திப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் என் பஸ்ஸிலிருந்து இறங்கி அவளிடம் போன நேரம் அவள் போன் அடித்தது. டெல்மர். சத்தமாகப் பேசும்படி வைத்தாள்.

"ஆர்லிஸ், குளிருது."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எத்தனை காட்டுகிறது என்று கேட்டாள்.

"அறுபத்தொம்பது. நீ எழுபதுன்னுதானே சொன்ன?"

பின்னாலிருந்து வெர்னாவின் குரல் கேட்டது. "இவனுக்கு வேற வேலையில்ல, ஆர்லிஸ். நான் கோட்டைக் கழட்டி எவ்ளோ நேரமாச்சு."