டேபிள் கறைக்காக என் வீட்டுக்கு வந்த அண்ணன்

அண்ணன் போய்விட்டார் என்று எழுத உட்கார்ந்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது. காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கும் உறவுகளே, உங்களுக்கும் நம்பிக்கை வந்திருக்காது. ஐம்பத்தாறு வயது. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். என்ன அநியாயம் இது!

அண்ணன் பிறந்தது பண்ருட்டி பக்கம், விவசாயக் குடும்பத்தில். அப்பா இறந்தபோது அவருக்குப் பத்தொன்பது, எனக்கு ஏழு. படிப்பை நிறுத்திவிட்டு லாரி புக்கிங் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவையும் என்னையும் ஒரு நாள்கூட வாட விடவில்லை. பிறகு கடலூர் செம்மண்டலத்தில் வீடு கட்டினார். என்னைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்தபோது, சீராகத் தேக்கில் ஒரு சாப்பாட்டு மேசை செய்து அனுப்பினார்.

அந்த மேசைதான் எங்களுக்குள் வம்பு. மாதம் ஒரு முறை வந்துவிடுவார். செருப்பைக் கழற்றியதும் கண் மேசைக்குத்தான் போகும். நாங்கள் சூடான குழம்புச் சட்டியை அப்படியே வைப்போம், ஈரச் சொம்பையும் வைப்போம். வெள்ளை வெள்ளையாக வட்டம் விழுந்திருக்கும். "பாப்பா, இஸ்திரிப் பெட்டிய எடு" என்பார் என்னிடம். பழைய வேட்டியை நாலாக மடித்துக் கறைமேல் போட்டு, லேசான சூட்டில் நாலு தேய்ப்புத் தேய்த்து, உடனே துணியைத் தூக்கிப் பார்ப்பார். அதிலும் போகாவிட்டால் தேங்காய் எண்ணெயில் விபூதியைக் குழைத்து, மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே மெதுவாகத் தேய்ப்பார். "வெள்ளையா இருந்தா பாலிஷோட நின்னுடுச்சி. கறுத்துப்போச்சின்னா மரத்துக்குள்ள எறங்கிடுச்சி, அத நாம நோண்டக் கூடாது" என்பார். என் வீட்டுக்காரர், "மச்சான், நெத்தியில வைக்க வேண்டிய விபூதிய டேபிளுக்கு வைக்கிறீங்களே!" என்று கிண்டல் செய்வார். அண்ணன் சிரித்துக்கொண்டே தேய்ப்பார்.

கடைசியாக அவர் வந்தபோது, என் நாத்தனார் குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. அவர்கள் எதிரிலேயே குனிந்து பார்த்து, "இஸ்திரிப் பெட்டி எங்க?" என்றார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு மானமே போய்விட்டது. அண்ணனை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "குடுத்த சீர செக் பண்ணத்தான் வர்றியா? இனிமே இதுக்காக வராத" என்றேன். பாவி, நான்தான் சொன்னேன். அண்ணன் சாப்பிடாமல் கடலூர் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். நான்காம் நாள் போன் வந்தது.

என்மேல் கோபத்தோடு போனாரா? இத்தனை நாளும் எனக்கு அந்தக் கேள்விதான். போன வாரம் தாங்க முடியாமல் அண்ணியிடம் நடந்ததைச் சொல்லி அழுதேன். அண்ணி என்னை வெறித்துப் பார்த்தார்.

"கறையா? எங்க ஊட்டு டேபிளப் போய்ப் பாரு. ஒரு நாளு துணி எடுத்துத் தொடச்சதில்ல அவுரு."

கூடத்துக்குப் போய், மேசை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். வட்டத்துக்கு மேல் வட்டம். அண்ணி பின்னாலேயே வந்து சொன்னார்.

"பொண்ணு குடுத்த ஊட்டுக்கு சும்மா சும்மா போயி நிக்கக் கூடாது, சம்பந்தி ஊட்ல என்னா நெனப்பாங்கன்னு சொல்லுவாரு. உன்னப் பாக்காமயும் இருக்க முடியாது. அதுக்கு டேபிள்தான் சாக்கு. கோவமெல்லாம் இல்லடி. அன்னிக்கி வந்து உக்காந்து, 'இனிமே பாப்பா ஊட்டுக்கு என்னா சொல்லிக்கிட்டுப் போறது?'ன்னு என்னத்தான் கேட்டாரு."

இதற்குமேல் என்ன எழுதுவது? அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய செம்மண்டலத்துப் பக்கத்து வீட்டாருக்கும், கூடவே நின்ற லாரி ஆபீஸ் நண்பர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு கொண்டுவந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சிதம்பரம் பக்கம் வந்தால் என் வீட்டுக்கு வாருங்கள். சும்மாவே வாருங்கள். எதற்கு வந்தீர்கள் என்று நான் யாரையும் கேட்டதில்லை. அண்ணனை மட்டும்தான் கேட்டேன்.