ஆரஞ்சுப் பட்டை

மாமா தெருவில் நடக்கும்போது பத்தடிக்கு ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான். "பின்னாடி யாரு, பழைய காதலியா?" என்பாள் அத்தை. "வந்தா உன்கிட்ட சொல்லிட்டா பார்ப்பேன்?" என்பார் மாமா.

தொழில் தந்த பழக்கம் அது. படகு கிளப்பின் பெரிய பாய்மரப் படகுகள் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கரையிலிருந்து அவற்றுக்கு உறுப்பினர்களை ஏற்றிப்போகும் டிங்கி என்ற சின்னப் படகுக்கு மாமா துடுப்பு போட்டார். துடுப்பு போடுகிறவர் போகிற திசைக்கு முதுகு காட்டித்தான் உட்கார முடியும். அவ்வப்போது கழுத்தைத் திருப்பிப் பார்க்கலாம். மிச்ச நேரம், எதிரே வருகிறவர் தன்னைப் பார்த்து ஒதுங்குவார் என்று நம்ப வேண்டியதுதான்.

ஆனால் டிங்கிகள் அழுக்குச் சாம்பல் நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்பது கிளப்பின் விதி. வெள்ளைப் படகுகளைப் படமெடுத்தால் இவை கண்ணை உறுத்தக் கூடாதாம். மேகம் மூடிய நாளில் தண்ணீரும் அதே நிறம். மாமா தன் டிங்கியின் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சுப் பட்டை அடித்தார்.

"என்னப்பா, சர்க்கஸா நடத்துற?" என்றார் செயலாளர்.

"தூரத்துலேர்ந்து தெரியணும்ல சார்."

"உன்னை எதுக்குய்யா தெரியணும்? கூப்பிட்டா வந்தா போதும்."

மாமாவே அதன் மேல் சாம்பல் பூச வேண்டியதாயிற்று.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், ஆளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பியபோது, கிளப்பின் மோட்டார் படகு டிங்கியின் மேல் ஏறியது. பலகை பிளந்தது. மோட்டார் படகை ஓட்டியவரே தண்ணீரில் குதித்து மாமாவைத் தூக்கினார். மாமாவுக்குத் தோள் மூட்டு விலகிவிட்டது.

விசாரணை என்றார்கள் கிளப்பில். மாமாவின் படகோட்டும் உரிமத்தைப் பறிக்கத்தான். படித்த பிள்ளை கூட இருக்கட்டும் என்று என்னை அழைத்துப் போனார். என்னை உள்ளே விடவில்லை; வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, திறந்த கதவு வழியாகக் கேட்டேன்.

"முன்னாடி பார்த்து ஓட்ட மாட்டியா?"

விசாரித்த கமிட்டிக்காரர்கள் மூவரும் வருடக்கணக்காக அவர் டிங்கியில், அவர் முகத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து போனவர்கள். அவர் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார் என்று தெரியாதா? முகம் என்று ஒன்று அங்கே இருந்ததாவது தெரியுமா?

"பின்மண்டையில ரெண்டு கண்ணு வாங்கிக் குடுங்க சார், மாட்டிக்கறேன்" என்றார் மாமா.

"வாய் ரொம்ப நீளுது."

தொலைந்தது உரிமம் என்று நினைத்தேன். அப்போது மோட்டார் படகுக்காரரைக் கூப்பிட்டார்கள். டிங்கி குறுக்கே வந்ததாகச் சொல்லும்படி அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"அவரு குறுக்க வரல சார். தண்ணியும் சாம்பல், படகும் சாம்பல், என் கண்ணுக்குத் தெரியல. அந்தப் பட்டை இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அழிக்கச் சொன்னது யாருன்னு உங்களுக்கே தெரியும்."

உரிமம் தப்பியது. அந்த வாரமே மோட்டார் படகுக்காரருக்கு வேலை போயிற்று. கவனக்குறைவாம்! நிற விதியில் மாற்றமில்லை. தோள் ஆறியதும் மாமா இன்னொரு சாம்பல் டிங்கியில் ஏறினார்.

வேலை போனவர் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மோட்டார் பம்பு பழுதுபார்க்க ஆரம்பித்தார்.

"ஒரு எட்டு போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்" என்பாள் அத்தை.

"இடிச்சது அவன்தானே!"

"உங்களால சோறு போனதும் அவனுக்குத்தானே!"

"போறேன், போறேன். நச்சரிக்காத."

போகவில்லை. கிளப்பின் மேல் வந்த கோபத்தில் பாதி மாமாவின் மேலும் வந்தது எனக்கு. அவர் போகாதது வீம்பா, வெட்கமா என்று இன்னும் பிடிபடவில்லை. வெட்கம்தான் என்று நம்ப ஆசை.

போன வருடம் மாமா நெஞ்சு வலியில் போனார். மோட்டார் படகுக்காரர் வந்து, கிரீஸ் படிந்த கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"உங்களைப் பார்க்க வரணும்னு சொல்லிட்டேதான் இருந்தாரு" என்றாள் அத்தை.

"தெரியும்க்கா" என்றார் அவர்.

அத்தை அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மாமா சொல்லியிருக்க வேண்டியதை வேறு யார் சொல்லித் தீர்க்க முடியும்?