கோப்பை வாங்கிய நாயின் பிள்ளைகள்

தெருவில் அவளுக்கு நாய்க்காரி என்று பெயர். தையல்காரி என்று கூப்பிட வேண்டியவர்கள்தான். தெருவில் பாதிப் பேர் உடுத்தியிருப்பது அவள் தைத்த துணி. ஆனாலும் நாய்க்காரி என்றார்கள். அவளும் "என்ன?" என்று திரும்பிப் பார்த்தாள். வைவதாக நினைத்துச் சொன்னவர்களுக்கு அதிலேயே பாதி உற்சாகம் போய்விட்டது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு ஈற்று. லாப்ரடார் குட்டிகள். குட்டி கேட்டு வருகிறவர்களை அவள் குடைகிற குடைச்சல் இருக்கிறதே, போலீஸ்காரர்கூட அவ்வளவு கேட்க மாட்டார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், கட்டிப்போடுவீர்களா, வெளியூர் போனால் யார் சோறு போடுவார்கள். பதில் பிடிக்காவிட்டால் குட்டி கிடையாது. பெரிய காரில் வந்து இறங்கிய ஒருவரை, "உங்களுக்குப் பொம்மை நாய் போதும் சார்" என்று வாசலோடு அனுப்பிவைத்தவள் அவள்.

இந்தத் தடவை சுக்கு என்ற பெண் நாயின் முறை. அவள் வீட்டிலேயே பிறந்த மூன்றாம் தலைமுறை. இணை சேர்ப்பதற்கு முன்னால் பெண் நாயின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துவிடுவது அவள் வழக்கம். டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இடது பக்கம் பாருங்க. எலும்பு குழிக்குள்ள சரியா உக்காரல. இப்போ ஓடும், போகப் போக வலிக்கும். குட்டிங்களுக்கும் வரலாம். இது ஈன வேண்டாம்."

வேறு பெண் நாய் அவளிடம் இல்லை. சுக்குவின் அம்மா போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டது. சுக்கு ஈனாவிட்டால் இத்தனை வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த வம்சம் அத்தோடு சரி.

புருஷன் லாரி ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் குதித்தார்.

"நொண்டுதா? இல்ல. சாப்பிடுதா? என்னவிட அதிகமா சாப்பிடுது. அப்புறமென்ன? அந்தப் படத்த எவன் கேக்கப் போறான்?"

"நான் கேப்பேன்."

"நீ கேட்டு நீயே பதில் சொல்லிக்க. குட்டிக்கு ஜனம் காத்துக்கிட்டிருக்கு. கூரை ஒழுகுது."

"ஒழுகட்டும்."

மெஷினில் உட்கார்ந்தாள், தையல் ஓடவில்லை. சுக்குவின் அம்மாவுக்கும் பாட்டிக்கும் இடுப்பில் ஒரு குறையும் கிடையாது, படம் இருக்கிறது. அப்படியானால் அப்பன்? அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பன், செல்லப்பிராணிக் கடைக்காரருடைய நாய். அதன் படத்தை அவள் கேட்கவே இல்லை. கடை அலமாரி நிறைய அது போட்டிகளில் வாங்கிய கோப்பைகள். குட்டி கேட்டு வருகிறவர்களை அந்தக் குடை குடைகிறவள், அந்தப் பளபளப்பில் மயங்கி, இடுப்பைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். தன்னையே நாலு அறை அறைய வேண்டும்போல் இருந்தது.

அரைகுறையாய் நின்ற சட்டையை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள்.

"உங்க நாயோட இடுப்பு எக்ஸ்ரேயக் காட்டுங்க."

கடைக்காரர் சிரித்தார். "இத்தன கப்பு வாங்கின நாய்க்கு எக்ஸ்ரேவாம்மா?"

"கப்ப ஊனிக்கிட்டா நடக்கப் போவுது?"

மீன்தொட்டி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். கடைக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இங்க பாரு, உன் நாயக் கொண்டாந்து விடு, வேற ஆண் நாயோட சேத்துவிடறேன். குட்டிய நானே வித்துத் தர்றேன். வெளில வாயத் தொறந்தே, அப்புறம் உங்கிட்ட குட்டி வாங்க ஒரு ஈ காக்கா வராது."

"குட்டி இருந்தாத்தானய்யா ஈ காக்கா வரணும்!"

அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டு, சுக்குவுக்குக் கருப்பையை எடுக்க நாள் கேட்டாள். கடை முழுக்கக் கேட்கட்டும் என்றே சத்தமாகக் கேட்டாள்.

ஆபரேஷன் முடிந்து, தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு சுக்கு வீட்டுச் சாமான்களை எல்லாம் இடித்துக்கொண்டு திரிந்தது. அதைப் பார்த்து அவள் அழுதாள்; அழுதுகொண்டே பட்டன் வைத்துத் தைத்தாள். புருஷன் பேச்சை நிறுத்திவிட்டார். சுக்குவோடு பிறந்த குட்டிகளை வாங்கிப் போன வீடுகளுக்குப் பேச அவள் போனை எடுத்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"சும்மா இருக்கறவங்கள எதுக்குச் சொறியற? நம்ம பேரு நாறிப்போயிடும்."

"நாறட்டும். வலிக்கறது அதுங்களுக்குத்தான?"

முதல் வீட்டில், ஏமாற்றுக்காரி என்று தொடங்கி வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். முழுதையும் கேட்டுவிட்டு, "எக்ஸ்ரே செலவு என்னோடது. மறக்காம எடுங்க" என்றாள். இரண்டாவது வீட்டில் நன்றி சொன்னார்கள். மூன்றாவது, பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் வீடு. அவரே போனை எடுத்தார்.

"படி ஏற மாட்டேங்குதும்மா. சோம்பேறின்னு நெனச்சு... என் பையன் கயிறு போட்டு இழுத்துக்கூட ஏத்தினான்."

"இங்க கொண்டாங்க. இப்பவே."

ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஒரு மஞ்சள் நாய். வாலை ஆட்டியது, இறங்கத்தான் பார்த்தது, பின்னங்கால் வரவில்லை. இவள் எழுந்து வருவதற்குள் புருஷன் வாசலுக்குப் போயிருந்தார். நெஞ்சுக்கடியில் ஒரு கை, தொடைக்கடியில் ஒரு கை கொடுத்துத் தூக்கினார். இடுப்பில் கை பட்டதும் அது வீலென்று கத்தியது. மனிதர் அப்படியே நின்றுவிட்டார். கத்திய வாயாலேயே அது அவர் முகத்தை நக்கியது.

"இன்னும் எத்தன வீடு பாக்கி?" என்றார்.

"மூணு."

"போன் பண்ணு. எவன் ஏசினாலும் போன எங்கிட்டக் குடு."