சக்கரத்துக்கு வந்த விக்கல்

யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பாள் பெரியவள். சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறார்கள் என்று பார்ப்பாள். கல்யாணமான புதிதில் புருஷன் ஆசையாக ஒரு ஜோடி வளையல் வாங்கி வந்தான். "என்ன தப்புப் பண்ணிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். அந்த மனுஷன் அதற்கப்புறம் ஒரு குண்டூசிகூட வாங்கி வரவில்லை. அதற்கும் ஏதோ காரணம் இருக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

கம்ப்ரெசர் செய்கிற ஆலையில், சோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. கூட்டிப் பெருக்க வந்தவள்தான். மீட்டர் முள்ளைப் பார்க்கிற ஆள் ஒருநாள் சண்டை போட்டுக்கொண்டு போய்விட, நாற்காலி காலியாகக் கிடந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை, உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு என்றும் யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த நாற்காலியை யாராவது உற்றுப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

வேலை கேட்க எளிது. கம்ப்ரெசருக்குள் ஒரு சக்கரம் சுழலும். அது நடுவில் காற்றை உறிஞ்சி, வளைந்த தகடுகளால் விளிம்புக்கு வீசும். விளிம்பைச் சுற்றி வழி அகலமாகிக்கொண்டே போகும். ஓடி வந்த காற்று அங்கே வேகம் குறைந்து, அந்த வேகமே அழுத்தமாகும். வெளியே போகிற குழாயில் ஒரு வால்வு. பெரியவள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூட வேண்டும். மூட மூடக் காற்று குறையும், அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் மூடினால் காற்று முன்னே போகமாட்டேன் என்று முரண்டு பிடித்துத் திரும்பி ஓடி வரும். டொம் டொம்மென்று குழாயெல்லாம் உலுக்கும். கூடத்தில் அதற்கு விக்கல் என்று பெயர். எவ்வளவு தாமதமாக விக்கல் வருகிறதோ, அவ்வளவுக்கு அது நல்ல சக்கரம். சீக்கிரமே விக்கினால் விற்க முடியாது.

வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், ஒரே அடுப்பு. அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். தம்பிக்காரன் வேலை போய் வீட்டில் உட்கார்ந்த பிறகு சின்னவளும் அதே ஆலைக்கு வந்தாள். சோதனைக் கூடத்திலேயே, கம்ப்ரெசரைப் பூட்டுகிற மேசையில் போட்டார்கள். சக்கரத்துக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டுப் பூட்டுவது அவள் வேலை. இடைவெளி கூடினால் காற்று கசிந்து சக்கரம் சீக்கிரமே விக்கும். கை சுத்தம் என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். கூடப் பிறந்தவளைப் புகழ்ந்தாலே சிலருக்குப் பொறுக்காது. இதுவோ ஓரகத்தி.

அந்த மேசையிலிருந்து பார்த்தால் பெரியவளின் முள்ளெல்லாம் நேராகத் தெரியும். சின்னவள் அடிக்கடி தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தாள்.

"பாத்துப் பாத்தே என் வேலையக் கத்துக்கிறா," என்று பெரியவள் புருஷனிடம் சொன்னாள். "நாளைக்கு என் நாற்காலில உக்காந்துக்கிட்டு, 'அக்கா, கொஞ்சம் கூட்டுங்க'ம்பா."

"அவ கழுத்து வலிக்குதுன்னு தலையத் தூக்கியிருப்பாடி."

"உங்களுக்கு எப்படித் தெரியும் அவ கழுத்து வலி?"

புருஷன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

மறுநாள் பெரியவள் தன் இரும்பு பீரோவைத் தரதரவென்று இழுத்து, மேசைக்கும் முள்ளுக்கும் நடுவே மறைப்பாக வைத்தாள். கம்ப்ரெசர் காற்று இழுக்கிற வாய் அங்கேதான் இருந்தது. அந்த வாயைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள், கோட்டுக்குள் எதையும் வைக்கக் கூடாது. பெரியவள் கோட்டைத் தொடாமல் வெளியே ஒட்டி வைத்தாள். சட்டப்படி ஒருவரும் வாய் திறக்க முடியாது. அப்போது ஓடிய சின்னச் சக்கரங்களுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

பிறகுதான் பெரிய சக்கரம் வந்தது. அதை வரைந்தவள் டிசைன் அறையில் இருந்த ஒல்லியான பெண். தகடுகளை ஓடும் திசைக்கு எதிராகப் பின்னால் வளைத்திருந்தாள். வால்வை எவ்வளவு மூடினாலும் லேசில் விக்காது என்று சத்தியம் செய்யாத குறை. முதல் சோதனையில் பெரியவள் வால்வைப் பாதிகூட மூடவில்லை, டொம்மென்றது. டிசைன்காரிக்கு முகம் சுண்டிவிட்டது.

சின்னவள் கழற்றிப் பார்த்தாள். இடைவெளி சரியாக இருந்தது. திரும்பப் பூட்டினாள். இரண்டாவது சோதனையிலும் அதே இடத்தில் விக்கல்.

பெரியவளுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. பூட்டும்போது சின்னவள் வேண்டுமென்றே இடைவெளியை அகலமாக வைக்கிறாள். கழற்றும்போது யாரும் பார்க்காமல் சரி செய்துவிடுகிறாள். முள் படிக்கத் தெரியாதவள் என்று தன் தலையில் பழியைப் போட்டு நாற்காலியைப் பிடுங்கத்தான் இத்தனையும். வீட்டுக்குப் போனதும் மாமியார் காதில் ஓதினாள். காலையில் ஃபோர்மேன் காதிலும் ஓதினாள்.

ஃபோர்மேன் மண்டை சூடான ஆள். சின்னவளை நடுக்கூடத்தில் நிறுத்தினார்.

"இன்னைக்கு மூணாவது ஓட்டம். இதுலயும் விக்கிச்சின்னா உன் கையிலதான் கோளாறு. சாயங்காலம் வேற வேல தேடிக்க."

"சார், நான் ஒழுங்காத்தான் வைக்கிறேன். நீங்களே நின்னு அளந்து பாருங்க."

"அளக்குறப்போ எல்லாம் சரியாத்தாம்மா இருக்கும்," என்றாள் பெரியவள், வேறு யாரிடமோ பேசுவது போல.

சின்னவள் திரும்பி அவளைப் பார்த்தாள். யார் மூட்டிய தீ என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அழவில்லை. "சரிக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு மேசைக்குப் போனாள். அந்தச் 'சரிக்கா'வில் என்ன உள்குத்து என்று பெரியவள் அடுத்த ஓட்டம் வரை யோசித்துக்கொண்டிருந்தாள்.

டிசைன்காரிக்கு வேறு சந்தேகம். "சார், இடைவெளி கூடியிருந்தா அழுத்தம் குறைஞ்சிருக்கணும். இது நான் போட்ட கணக்குக்கு மேல ஏறியிருக்கே? உள்ள போற காத்துலயே ஏதோ கோணல்." கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி, காற்று இழுக்கிற வாயின் விளிம்பைச் சுற்றி ஒட்டினாள். இவளும் சின்னவளும் எப்போது கூட்டுச் சேர்ந்தார்கள் என்று பெரியவள் மனதுக்குள் தேதி தேடினாள்.

மோட்டார் ஓடியது. நேராக உள்ளே நீள வேண்டிய நூல்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் ஓட்டைக்குள் இறங்குவது போல வளைந்து நின்றன. பீரோ பக்கத்து நூல்கள் மட்டும் சோம்பேறியாகத் தொங்கின. பெரியவள் வால்வைக் கொஞ்சம்தான் மூடினாள், டொம்.

"சுத்திக்கிட்டே உள்ள போகுது," என்றாள் டிசைன்காரி. "சக்கரம் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கமா. சக்கரத்துக்குப் பாரம் கூடிப்போய்த்தான் முன்னாடியே விக்குது. ஆனா எதனால?" ஜன்னலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கூரையைக்கூடப் பார்த்தாள். தினமும் பார்த்துப் பழகிப்போன பீரோ யார் கண்ணில் படும்?

பெரியவள் கண்ணில் பட்டது. காற்று ஒரு பக்கம் முட்டி, பீரோவின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது. மஞ்சள் கோடு சின்னச் சக்கரத்துக்குப் போட்டது. இந்தப் பெரிய வயிறு கோட்டுக்கு வெளியிலிருந்தும் உறிஞ்சுகிறது. முதல் முறையாக அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது.

"டீ குடிச்சிட்டு வந்து கடைசியா ஒரு தடவ ஓட்டுங்க," என்றார் ஃபோர்மேன். "அப்புறம் நான் பேசிக்கிறேன்."

எல்லாரும் டீக்குப் போனார்கள். பெரியவள் போகவில்லை. முழங்காலை முட்டுக் கொடுத்து பீரோவைச் சுவரோரம் தள்ளினாள். சக்கரம் ஒழுங்காக ஓடிவிட்டால் சின்னவளின் வேலையும் தப்பும், தன் மானமும் தப்பும். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்றுதான் நினைத்தாள்.

நூல்கள் ஊசி மாதிரி நேராக நின்றன. வால்வைப் பாதி மூடினாள், முக்கால் மூடினாள். சக்கரம் சீறிக்கொண்டே ஓடியது. டிசைன்காரி சொன்ன இடத்தில்தான் முதல் விக்கல் வந்தது.

ஃபோர்மேன் கையைத் தட்டினார். "பாத்தீங்களா? வேல போயிரும்னதும் ஒழுங்கா ஓடுது! டீ நேரத்துல வந்து தெறந்து சரி பண்ணியிருக்கா. பெரியம்மா சொன்னது நூத்துக்கு நூறு. ஏம்மா, கணக்க முடிச்சிக்கிட்டுக் கெளம்பு."

"நான் டீக்கடையிலதான் சார் இருந்தேன்! கேட்டுப் பாருங்க!" சின்னவளுக்குக் குரல் உடைந்தது. "வீட்ல அவரும் சும்மா இருக்காரு சார். நான் அதத் தொடவே இல்ல."

திருடியவளை விட்டுவிட்டு வீட்டுக்காரியைக் கட்டி வைத்த கதையாகிவிட்டது. இப்போது வாயைத் திறக்காவிட்டால் சின்னவள் போய்விடுவாள், நாற்காலிக்கு நிரந்தரப் பட்டா. பெரியவள் நாற்காலியைப் பார்த்தாள். உட்காரும் இடத்தில் தோல் கிழிந்து பஞ்சு பிதுங்கியிருந்தது.

"அவ தெறக்கல," என்றாள். "நான்தான் பீரோவ நகத்துனேன். அதுதான் காத்த மறிச்சிக்கிட்டு நின்னிச்சு."

டிசைன்காரிதான் முதலில் வாய் திறந்தாள். "நான் நம்ப மாட்டேன். பழைய எடத்துல வச்சுக் காட்டுங்க."

சந்தேகப்படுவதில் தனக்கு மேலே ஒருத்தி இருக்கிறாளே என்று பெரியவளுக்கு எரிச்சலாக வந்தது. பீரோவைத் திரும்பவும் தள்ள அவளுக்குத் தனியாகத் தெம்பில்லை. சின்னவள் வந்து மறுபக்கம் தோள் கொடுத்தாள். இருவரும் முகம் பார்க்காமல் தள்ளினார்கள். மோட்டார் ஓடியது, நூல் சாய்ந்தது, டொம். திரும்பவும் எடுத்தார்கள், விக்கல் நின்றது. ஃபோர்மேன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவசர வேலை இருப்பவர் போல வெளியே போனார். யாரையும் கணக்கு முடிக்கச் சொல்லவில்லை.

"எதுக்குக்கா அங்க வச்சீங்க?" என்றாள் சின்னவள்.

"நீ பாத்துக் கத்துக்குவேன்னு."

"எதை?"

"என் வேலைய."

சின்னவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அந்த டொம்மு எப்ப வரும் எப்ப வரும்னு உசுரக் கையில புடிச்சிக்கிட்டுதான் நான் தலையத் தூக்கிப் பாப்பேன். உங்க நாற்காலிய மெத்த வச்சுக் குடுத்தாலும் எனக்கு வேணாம்."

உண்மையாக இருக்குமா என்று பெரியவள் அவள் கண்ணைப் பார்த்தாள். கண்ணில் ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் இருவரும் ஒன்றாகத்தான் நடந்தார்கள். பாதி வழியில் சின்னவள் கேட்டாள்.

"வீட்ல யார் யார்கிட்ட சொன்னீங்க?"

"அத்தைகிட்ட."

"அவ்வளவுதானா?"

"அவர்கிட்டயும்." கொஞ்சம் நடந்த பிறகு, "உன் புருஷன் காதுலயும் விழுந்திருக்கும்."

"நேத்து ராத்திரியிலேருந்து அவரு எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. அப்ப அங்கயும் சொல்லணும்."

"நாளைக்குச் சொல்றேன். தலைய வலிக்குது."

"இன்னைக்கு."

வீட்டில் விளக்கு போட்டிருந்தார்கள். மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் கை கால்கூடக் கழுவாமல் நேரே நடுவில் போய் நின்றாள்.

"அத்தை, கத்திய வச்சிட்டு இங்க கேளுங்க. எல்லாரும்தான்."

சின்னவள் உள்ளே வரவில்லை. ஒன்றும் விடாமல் சொல்கிறாளா என்று, நிலைப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள்.