பன்னிரண்டாயிரம் அடியில் ஜமால் பாய்

ஜமால் பாய் நேற்றுக் காலை இறந்துவிட்டார். மாரடைப்பு. ஐம்பத்திரண்டு வயதுதான்...

ஏனாத்தூர் காலேஜ் வேன் டிரைவர். நான் அங்கே ஃபிசிக்ஸ் லேப் அசிஸ்டென்ட். ஆறு வருஷமாகப் பிள்ளையார்பாளையத்தில் ஏறி அவர் வண்டியில்தான் வேலைக்குப் போனேன்.

உங்களில் சிலருக்கு அவரை வேறு பெயரில் தெரியும். கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டும் எங்கள் குரூப்பில் "ஏனாத்தூர் எக்ஸ்பிரஸ்" என்று ஒருவர் இருந்தாரே, அவர்தான் இவர்.

அவரை அந்த கேமுக்குள் இழுத்துவிட்டதே நான்தான். ஒருநாள் வேன் கிளம்பும் முன் போனில் போர் விமானங்கள் மோதிக்கொள்ளும் டாக்ஃபைட் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இவன் இப்டி சுத்திக்கினே இருக்கான்? வண்டி இழுவை போயிடுமே."

ஃபிசிக்ஸ் படித்தது நான். விமானத்தை எவ்வளவு இறுக்கித் திருப்புகிறோமோ அவ்வளவு வேகம் கரையும் என்பதை, விமானத்தில் காலே வைக்காத மனுஷன் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

அவர் வேன் ஓட்டுவதே அப்படித்தான். பிரேக்கைத் தொட மனசே வராது. அரை கிலோமீட்டர் தள்ளி மாடு தெரிந்தால் இங்கேயே ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுவார்.

ஆகாயத்திலும் அதே கஞ்சத்தனம். வேகம் கூடினால் மூக்கைத் தூக்கி அதை உயரமாக மாற்றிக்கொள்வார். எதிரி கிடைத்தால் ஒரு பாய்ச்சல், ஒரு வேட்டு, மறுபடி மேலே. உயரத்தை மட்டும் யாருக்காகவும் விட மாட்டார்.

நான் நேர் எதிர். எதிரியின் வாலைக் கண்டால் போதும், ஜாய்ஸ்டிக்கை வயிறு வரைக்கும் இழுத்துத் திருப்புவேன். ரெண்டு சுற்றில் என் விமானம் கட்டை வண்டி ஆகிவிடும்.

"கோவத்துல திரும்பாதம்மா. கொஞ்சம் மேல ஏறு, அப்பால அவன் பின்னாடி எறங்கு." ஞாயிறு மதியம் தொழுகை முடித்து வந்து ஹெட்செட்டை மாட்டினால் இதே பாட்டுதான்.

எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே... கேட்டால்தானே.

போன வருஷம் குரூப்பில் ஒரு போட்டி வைத்தோம். ஃபைனலில் கோயம்புத்தூர்க்காரர்கள் இரண்டு பேர், இந்தப் பக்கம் நானும் பாயும்.

வழக்கம்போல நான் கீழே ஒருத்தனோடு சுற்றிச் சுற்றி வேகத்தை இழந்து மாட்டிக்கொண்டேன். பாய் பன்னிரண்டாயிரம் அடியில், இன்னொருத்தனுக்கு எதிரில்.

"கீழ வாங்க பாய்! சீக்கிரம் வாங்க!" என்று கத்தினேன்.

"மூக்க கீழ போடும்மா, மொதல்ல வேகம் எடு" என்றார். அவ்வளவுதான், என்னைச் சுட்டுவிட்டார்கள்.

ஹெட்செட்டைக் கழற்றி வீசினேன். கம்ப்யூட்டரை அணைத்தேன். போனை எடுத்து, குரூப்பில் பத்துப் பேர் பார்க்க எழுதினேன்: "பார்ட்னர் சாகிறப்போ மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர் நம்ம ஜமால் பாய். வேன் ஓட்டத்தான் லாயக்கு."

ஆமாம், அப்படியேதான் எழுதினேன்.

"சரிம்மா" என்று அவரிடமிருந்து ஒரு பதில். அதற்குக் கீழே, போட்டி நடத்திய கணேஷ் முழு ரெக்கார்டிங்கையும் போட்டு, "பார்த்துட்டுப் பேசுங்க" என்றார். நான் எங்கே பார்த்தேன்... குரூப்பை மியூட் பண்ணிவிட்டேன்.

அப்புறம் எட்டு மாசம் அவரோடு பறக்கவில்லை. வேனிலும் முன் சீட்டை விட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

எனக்கு லேட்டானால் மட்டும் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தியே வைத்திருப்பார். பின்னால் லாரி ஹாரன் அடித்தாலும் நகர மாட்டார். "ஏறும்மா" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறுவேன்.

நேற்று சாயங்காலம் ஆண்கள் அடக்கத்துக்குப் போயிருந்தபோது, வீட்டில் அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"நீதானாம்மா அது? கோவக்காரப் பொண்ணு, ஆனா ஃப்ளைட்டு நல்லா ஓட்டும்னு சொல்லிக்கினே இருப்பாரு" என்றார்.

இன்று காலை மியூட்டை எடுத்து அந்த ரெக்கார்டிங்கைப் பார்த்தேன்.

நான் இரண்டாவது தடவை "வாங்க" என்று கத்தும்போதே அவர் விமானம் கவிழ்ந்து, மூக்கு நேராகத் தரையைப் பார்த்து, இறங்கிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டாயிரம் அடியில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

என்னைத் துரத்தியவனைப் பிடிக்க, என்னிடம் வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன அதே இறுக்கமான திருப்பத்தைப் போடுகிறார். வேகம் மொத்தமும் போய்விட்டது. வந்து சேருவதற்குள் நான் விழுந்தாச்சு. மேலே இருந்தவன் நிதானமாகப் பின்னால் வந்து அவரையும் சுட்டுவிட்டான்.

குரலும் பதிவாகி இருக்கிறது. நான் ஹெட்செட்டைக் கழற்றி வீசிய பிறகு அவர் பேசியது.

"வந்துட்டேம்மா... வந்துட்டேன். இருக்கியா? ம்மா?"

இதை அவர் எட்டு மாசத்தில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொல்லும்படி நானும் முகம் கொடுக்கவில்லை.

அன்று பத்துப் பேர் பார்க்க நான் எழுதியது பொய். இன்று எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். ஜமால் பாய் எனக்காக இறங்கி வந்தார்.

மன்னிச்சிடுங்க பாய். போயிட்டு வாங்க.